கொடியேற்றம் முடிந்ததும் கலையாதீர்கள்!



குடியரசு நாளுக்கு இன்னும் ஒரு வாரம்தான். கொடியேற்றுவார்கள், மிட்டாய் கொடுப்பார்கள், வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம். இந்த ஆண்டு போகாதீர்கள். ஜனவரி 26 நம் வார்டின் ஏரியா சபை, அதாவது நம் பகுதி மக்கள் கூடிக் கோரிக்கை வைக்கும் கூட்டம், நடக்க வேண்டிய நாள். ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று ஆண்டுக்கு நான்கே நாள்தான் அதற்கு. டிசம்பரை நாமே கோட்டைவிட்டோம். ஏப்ரல் வரை காத்திருக்கலாம் என்றால், அதற்குள் சட்டமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்து நடத்தை விதிமுறைகள் அமலாகியிருக்கும். புதிய வேலை எதையும் தொட மாட்டார்கள். "எலெக்‌ஷன் முடியட்டும்மா" என்று டிவிஷன் ஆபீஸ் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

அங்கே போய் என்ன பேசுவது? திருவொற்றியூர் அரிவாக்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2021 டிசம்பர் 27. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. விரிசலைப் பார்த்த குடித்தனக்காரர்களே அக்கம்பக்கத்தை எழுப்பிக் குழந்தை குட்டிகளோடு இறங்கிவிட்டார்கள். கட்டியவர்களுக்கும் கணக்குப் பார்த்தவர்களுக்கும் தெரியாதது அந்த மாடியில் குடியிருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் பிளாக்கிலும் படிக்கட்டுச் சுவரில் கம்பி தெரிகிறது. அதை யார் சொல்வது?

பழைய பிளாக்கை இடித்துக் கட்டித் தருகிறோம் என்கிறார்கள். நல்லது, கட்டட்டும். அதுவரை வெளியே இருக்கத் தரும் கருணைத் தொகை 24,000 ரூபாய். முன்பு 8,000 ஆக இருந்தது, உயர்த்தினார்கள், மறுக்கவில்லை. ஆனால் வியாசர்பாடிப் பக்கம் அட்வான்ஸ் கொடுத்து ஒரு ரூம் பிடித்தவருக்கு 24,000 எத்தனை மாதம் வரும்? கட்டி முடிக்க எத்தனை மாதம் ஆகும்? இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே மூச்சில், ஒரே கூட்டத்தில், பதிவேட்டில் ஏறும்படி கேட்க வேண்டும். புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் 2021இல் புது வீட்டுக்குப் போன சனம் சுவரைத் தொட்டால் சிமெண்ட் உதிர்ந்ததையும், பங்குத் தொகை ஒன்றரை லட்சம் என்று வாரியம் கேட்டதையும் இந்த ஊரே பார்த்தது. அவர்கள் தெருவில் உட்கார்ந்த பிறகுதான் ஐ.ஐ.டி.யை விட்டு ஆய்வு செய்தார்கள். நாம் சாவி வாங்கிய பிறகு அழக் கூடாது. இடிக்கும் முன்பே எழுத்தில் வாங்க வேண்டும்: யார் யாருக்கு ஒதுக்கீடு, எந்தத் தேதிக்குள் வீடு, கையிலிருந்து எவ்வளவு. ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் ஏற்றி அனுப்பப்பட்டவர்களும் ஒரு காலத்தில் "திரும்ப வந்துவிடலாம்" என்றுதான் லாரி ஏறினார்கள்.

வாரியம் மாநகராட்சிக்குக் கீழ் வராது, இங்கே பேசாதே என்று உடனே ஒருவர் எழுந்து சொல்வார். சொல்லட்டும். ஏரியா சபையின் கோரிக்கையாக எழுதி வார்டு கமிட்டி வழியாக வாரியத்துக்கு அனுப்புங்கள் என்று பதில் சொல்லுங்கள். பேர் மட்டும் 2021இல் குடிசை மாற்று வாரியத்திலிருந்து நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாக மாறிவிட்டது. நம் வீட்டுக் கூரை மாறவில்லை.

அடுத்தது குப்பை. இதில்தான் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

கொடுங்கையூர் குப்பை மேட்டின் புகையைக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். ஏறத்தாழ 340 ஏக்கர். அந்தப் பழைய குப்பையைக் கிளறிப் பிரித்து நிலத்தை மீட்கிறோம் என்று பயோமைனிங் தொடங்கினார்கள். தலை நிமிர்ந்து பார்ப்பதற்குள், அதே இடத்தில் நாளைக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை என்கிறார்கள். வடக்கே எண்ணூர்ப் பக்கம் அனல் மின் நிலையங்கள், பக்கத்தில் மணலி ஆலைகள், நடுவில் எரிஉலை. 2025இல் இதை எதிர்த்து மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றோமே, அந்தக் கைகள் எங்கே போயின? நம் சமையலறைக் குப்பையில் பாதிக்கு மேல் ஈரம். ஈரக் குப்பையை வைத்து அடுப்பெரிக்க முடியாது என்பது எந்த ஆயாவுக்கும் தெரியும். மக்கும் குப்பையை வார்டிலேயே உரமாக்கு, மக்காததைத் தரம் பிரித்து விற்று, மிச்சத்தை மட்டும் மேட்டுக்குக் கொண்டுபோ. 2016இன் திடக்கழிவு விதிகளே இதைத்தான் சொல்லின. நாம் வீட்டில் இரண்டு பக்கெட்டாகப் பிரித்துக் கொடுப்பதை ஒரே வண்டியில் கலந்து கொட்டுகிறார்களே, அது எந்த விதி?

அந்த வண்டியைத் தள்ளுகிறவர்கள் யார் என்பதும் இந்தக் கேள்விக்குள்தான் வரும். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவு வேலையைத் தனியாருக்குக் கொடுத்தபோது, 2025 ஆகஸ்ட் 1 முதல் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள் நம் அக்காக்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் வேனில் ஏற்றினார்கள். கொரோனாவில் நாம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தபோது வாசலுக்கு வந்தவர்கள் அவர்கள். வேலை உறுதியாக இல்லாத கையால் தெரு எப்படிச் சுத்தமாகும்? நம் தெருவுக்கு எத்தனை ஆள், எத்தனை பேட்டரி வண்டி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சபையில் கேளுங்கள். அந்த அக்காக்களையும் கூட்டிக்கொண்டு வந்து கேளுங்கள்.

நிதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கவுன்சிலர் நிதி இருக்கிறது, நமக்கு நாமே திட்டம் இருக்கிறது, 2023இல் ஆயிரம் கோடி என்று அறிவித்த வட சென்னை வளர்ச்சித் திட்டமும் இருக்கிறது. பணம் இல்லை என்ற பேச்சை நம்பாதீர்கள். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்குத் தொகை போட வேண்டும். பணக்காரத் தெருக்கள் அசோசியேஷன் வைத்துப் போட்டுவிடுகின்றன, பூங்கா வருகிறது. நமக்கு அங்கன்வாடிக்குக் கூரை வேண்டும், பங்கு போட ஆளில்லை. இது நியாயமா என்று கேட்கவும் சபைதான் இடம்.

ஏரியா சபை யாரோ போட்ட பிச்சை அல்ல. மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள் உள்ள நகரங்களில் வார்டு கமிட்டி வேண்டும் என்று 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சொல்லி ஏறத்தாழ முப்பது வருடம் ஆன பிறகு, 2022இல்தான் தமிழ்நாட்டில் விதி போட்டார்கள். சென்னைக்கு 200 வார்டு, வார்டுக்குப் பத்து ஏரியா. வார்டு கமிட்டி உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பது நாமல்ல, மேலிருந்து நியமிக்கிறார்கள்; அந்தக் குறை எனக்கும் தெரியும். போன முறை நான் போனபோது பத்துப் பதினைந்து பேர்தான் இருந்தார்கள், பாதிப் பேர் கவுன்சிலரோடு வந்தவர்கள். டீ குடித்து முடிப்பதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. நூறு பேர் இருந்தால் அப்படி முடிக்க முடியுமா?

இந்தக் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை சென்னைக்கு மாமன்றமே கிடையாது. தனி அலுவலர் ஆட்சி. கேள்வி கேட்கக் கவுன்சிலர்கூட இல்லாமல் ஐந்து வருடத்துக்கு மேல் ஓட்டினோம். கிராமங்களைப் பாருங்கள்: 28 மாவட்டங்களில் 2025 ஜனவரியோடு உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து, மறுபடி தனி அலுவலர். நம் மாமன்றத்தின் ஆயுளும் 2027 மார்ச் வரைதான். அடுத்த தேர்தலை எப்போது வைப்பார்கள் என்று யார் கண்டது? இருக்கிற கதவை இப்போதே தட்டுங்கள்.

மனுவை இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றில் கையெழுத்தும் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். பேசியது நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதா என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். கூட்டமே வைக்கவில்லை என்றால், ஏன் வைக்கவில்லை என்று கேட்டும் ஒரு மனு.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ரேஷன் கடை எதிரில் கூடுகிறோம். ஒதுக்கீட்டு ஆணை, வரி ரசீது, முன்பு கொடுத்த மனுக்களின் நகல் எது இருந்தாலும் எடுத்துவாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நம் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் வர வேண்டும்.