அமெரிக்கா எந்தப் பக்கம்?

சென்ற மாதம் என் மகள் வயிற்றுப் பேத்தியின் பூகோளப் பரீட்சைத் தாளைப் பார்க்க நேர்ந்தது. இப்போது புவியியல் என்கிறார்கள்; எனக்கு இன்னும் பூகோளம்தான். 'தென் அமெரிக்காவை விட்டுவிட்டால் வட அமெரிக்காவுக்கு மிக அருகில் உள்ள கண்டம் எது?' என்று ஒரு கேள்வி. குழந்தை 'ஆசியா' என்று எழுதியிருந்தாள். அதைச் சிவப்பு மையால் அடித்து, 'ஐரோப்பா' என்று திருத்தியிருந்தார் ஆசிரியை.

மதிப்பெண் போனால் போகட்டும். ஆனால் குழந்தை எழுதியதுதான் சரி. அலாஸ்காவையும் சைபீரியாவையும் பிரிக்கும் பெரிங் நீரிணையின் குறுகிய அகலம் சுமார் 85 கிலோமீட்டர். தில்லியிலிருந்து மீரட் போய், இன்னும் சற்றுத் தூரம்; அவ்வளவுதான். நடுவில் இரண்டு டயோமீட் தீவுகள். ஒன்று ரஷ்யாவுடையது, மற்றது அமெரிக்காவுடையது. இடைவெளி 4 கிலோமீட்டர்கூட இல்லை.

ஆசிரியையை நான் குறை சொல்லவில்லை. வகுப்புச் சுவரில் தொங்கும் படம் அப்படி. அதில் அலாஸ்கா இடது கோடி, சைபீரியா வலது கோடி. பார்த்தால் யாருக்குத்தான் பக்கத்து வீடு என்று தோன்றும்? 1569-இல் மெர்கேட்டர் என்பவர் மாலுமிகளுக்காக வரைந்த முறை பல சுவர்களில் இன்னும் தொங்குகிறது. திசைகாட்டியை வைத்துக் கப்பல் ஓட்ட அருமையானது. அதை நம்பி நிலத்தை அளந்தால் மோசம் போவோம். கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. இந்தப் படத்தை மாற்றக் கோரும் இயக்கத்துக்கு 2025 ஆகஸ்டில் ஆப்பிரிக்க ஒன்றியமே ஆதரவு தெரிவித்தது. அவர்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் பரப்பளவைச் சரிசெய்துவிட்டால் மட்டும் போதாது. உருண்டையைத் தட்டையாக்க வேண்டுமானால் எங்காவது கிழித்துத்தானே ஆக வேண்டும்? வழக்கமாகக் கிழிபடுவது பசிபிக் கடல்.

நானும் அந்தப் படத்தில் படித்தவன்தான். என் மகன் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறான். "மாமா எந்தப் பக்கம் இருக்கார், தாத்தா?" என்று பேத்தி கேட்டபோது, மொட்டைமாடியில் நின்று, யோசிக்காமல் மேற்கே கை காட்டினேன். அப்புறம் சந்தேகம் வந்து, வீட்டிலிருந்த பூகோள உருண்டையில் இரண்டு பேருமாக நூல் பிடித்துப் பார்த்தோம். தில்லியிலிருந்து நூல் கிட்டத்தட்ட வடக்கே கிளம்பி, சைபீரியாவைக் கடந்து, ஆர்க்டிக் கடலைத் தொட்டு, அலாஸ்கா வழியாக இறங்கியது. பரீட்சையில் அவள் எழுதிய பதில் அந்த நூல் சொன்னது.

ஏர் இந்தியாவின் தில்லி - சான் பிரான்சிஸ்கோ விமானம் 2015 டிசம்பரில் தொடங்கியபோது மேற்கே, அட்லாண்டிக் வழியாகப் போயிற்று. 2016 அக்டோபரில் கிழக்கே, பசிபிக் வழியாக அதே ஊருக்குப் போனது. 15,300 கிலோமீட்டர், தூரம் அதிகம், ஆனால் பின்காற்று தள்ளியதால் நேரம் குறைவு. 2021 ஜனவரியில் அங்கிருந்து பெங்களூருக்கு வந்த விமானத்தைப் பெண் விமானிகளே வடதுருவத்தின் மேலாக ஓட்டி வந்தார்கள். இதையெல்லாம் தட்டைப் படத்தில் எப்படிக் காட்டுவது?

நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளிடம், கன்னியாகுமரியிலிருந்து நேர் தெற்கே போனால் என்ன வரும் என்று கேட்டுப் பாருங்கள். இலங்கை என்பார்கள். பெரியவர்களும் அதையேதான் சொல்வார்கள். இலங்கை இருப்பது கிழக்கே. நேர் தெற்கே, வெகுதூரத்தில், ஆம்ஸ்டர்டாம், செயின்ட் பால் என்று பிரான்சுக்குச் சொந்தமான இரண்டு குட்டித் தீவுகள். அவற்றையும் விட்டால் அண்டார்க்டிகாதான்.

ஆகவே நிர்வாகக் குழுவுக்கு என் வேண்டுகோள்: புதுத் திரைச்சீலைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை எடுத்து, வகுப்புக்கு ஒரு நல்ல உருண்டை வாங்குங்கள். வாங்கும்வரை என்னுடையதைத் தருகிறேன். 1978-இல் தரியாகஞ்சில் வாங்கியது. அதில் சோவியத் யூனியன் இன்னும் உயிரோடு இருக்கிறது. கண்டங்கள் ஒன்றும் அப்படி ஓடிவிடவில்லை. தாங்கி மட்டும் கொஞ்சம் ஆடும், அடியில் ஓர் அட்டையை மடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.