துவைத்த கை

ஒரு குடும்பத்தின் இயல்பை அறிய விரும்புவோர் அதன் முன்கூடத்தைக் கண்டால் மட்டும் போதாது. துணி உலர்த்தும் கொடியையும் காணல் வேண்டும். முன்கூடம் விருந்தினர்க்காக ஒழுங்கு செய்யப்பட்டது. கொடியோ எவர்க்காகவும் ஒப்பனை செய்துகொள்வதில்லை. அவ்வீட்டில் எத்துணைப் பேர் உளர், அவருள் கைக்குழந்தை உண்டா, முதியோர் உண்டா, பள்ளிக்குச் செல்வார் எத்தனை பேர் என்னும் செய்திகளை எல்லாம் கொடி சொல்லிவிடும். அது சொல்லாமல் விடுவது ஒன்றே. அத்துணிகளைத் துவைத்தவர் யார் என்பதே அது. அதனைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறேன்.

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் சாலையில் உள்ளது சென்னீர்குப்பம். யான் வாழும் ஊர் அது. மாலை வேளையில் மொட்டைமாடியில் நின்று நோக்கினால் நாற்புறமும் கொடிகளே தோன்றும். ஒரு மாடியில் தொழிற்சாலை செல்வாரின் நீல உடை. மற்றொன்றில் பள்ளிச் சீருடைகள் வரிசையாக. வேறொன்றில் புடவை ஒன்றே கொடி முழுவதையும் வளைத்துக்கொண்டு காற்றில் பாய்மரம்போல் புடைத்து நிற்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இக்காட்சி மறையும். துணிகள் எல்லாம் வீட்டினுள் புகுந்து, நாற்காலி, கதவு, சாளரக் கம்பி என்று கண்ட இடமெல்லாம் தொங்கும்; மூன்று நாள் ஆகியும் உலரா; ஒருவகை முடைநாற்றமும் எழும். அப்பொழுதுதான் வீட்டார் அனைவரும் துணியைப் பற்றிப் பேசத் தொடங்குவர். "என் சட்டை எங்கே?" என்பதே அப்பேச்சு.

துணி துவைப்பதில் வீட்டுக்கு வீடு ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஆள் ஒரு பிடிவாதமும் உண்டு. என் பாட்டனார் தம் வேட்டியைக் கல்லில் அடிக்க விடமாட்டார். அடித்தால் கரை நைந்துபோகும் என்பார். ஆனால் அடிக்காமல் வெண்மை வரவேண்டும் என்றும் சொல்வார். பாட்டியார் தாம் உடுக்கும் புடவையைப் பிறர் கை படாதவாறு மிக உயரத்தே கட்டிய கொடியில் நீண்ட கோலால் உலர்த்துவார். என் தந்தையார் சட்டைப் பையைச் சோதியாமல் போடுவார். எழுதுகோலின் மை ஒருமுறை ஒரு வாளித் துணி முழுவதையும் நீலமாக்கிற்று. இக்காலத்து இளைஞர் செய்வது வேறொன்று. ஒருமுறை உடுத்த ஆடையைக் கூடையிலும் இடார், பெட்டியிலும் வையார், நாற்காலியின் முதுகில் தொங்கவிடுவர். அவ்வாடை அழுக்கும் அன்று, தூய்மையும் அன்று. உயிரிலும் சேராது மெய்யிலும் சேராது தனித்து நிற்கும் ஆய்த எழுத்தைப் போன்றது அது. காலுறையைச் சுருட்டிய பந்தாகவே எறிவோரும், சட்டையை உட்புறம் வெளியாகக் கழற்றி அப்படியே விடுவோரும் எல்லா வீடுகளிலும் உளர். இவையெல்லாம் நகைப்புக்கு உரியனவாகவே நமக்குத் தோன்றுகின்றன. அச்சுருளைப் பிரிப்பதற்கும் அச்சட்டையைத் திருப்புவதற்கும் ஒருவர் குனிந்து நிற்கிறார் என்பதை மட்டும் நாம் எண்ணுவதில்லை.

முற்காலத்தில் நம் ஊர்களில் வெளுக்கும் தொழில் ஒரு தனிக் கலையாக இருந்தது. அழுக்குத் துணிகளை உவர்மண் கரைத்த நீரில் தோய்த்து, பெரிய பானையின்மேல் அடுக்கி, இரவெல்லாம் அடியில் தீ எரித்து ஆவியில் வேகவைப்பர். இதனை வெள்ளாவி வைத்தல் என்பர். மறுநாள் நீர்த்துறையில் கல்லில் அடித்து அலசி, வெயிலில் விரித்து, கஞ்சியிட்டு மடிப்பர். ஊரார் துணியெல்லாம் ஒன்றாய்க் கலந்து கிடந்தாலும் ஒருவர் துணி மற்றொருவர் வீட்டுக்குச் செல்லாது. சேங்கொட்டையின் சாற்றைக் கொண்டு துணியின் ஓரத்தில் வீட்டுக்கு ஒரு குறி இடுவார்கள். அது எத்துணை முறை வெளுத்தாலும் அழியாது. புள்ளியும் கோடுமாக உள்ள அக்குறிகள் எழுதப் படிக்க அறியாதவர் அமைத்துக்கொண்ட எழுத்து என்றே யான் கருதுகிறேன். நூற்றுக்கணக்கான குறிகளை நினைவில் வைத்திருந்த அம்மக்களைக் கல்லாதவர் என்று சொல்லிவந்தோம்! சென்னை நகரின் வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனியார் கப்பலேற்றிய துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்தமையால் பெற்ற பெயர். உலகச் சந்தைக்குச் சென்ற சென்னைத் துணியின் வெண்மை அவர்கள் கையிலிருந்து பிறந்தது.

நம் பழம்புலவர்கள் இக்கையை மறந்தாரல்லர். புறநானூற்றில் ஔவையார் ஒரு தலைவனின் தூய வெள்ளாடையைக் குறிப்பிட வருகிறார். வெண்மையை மட்டும் சொல்லி அவர் நிறுத்தவில்லை. களர்நிலத்தில் தோண்டிய கிணற்றையும், நாள்தோறும் அங்கு அதனைத் துவைத்த பெண்ணையும் முதலில் சொல்லி, அதன் பின்னரே ஆடையைச் சொல்கிறார். குறுந்தொகைப் பாட்டு ஒன்றில், வெளுக்கும் பெண் கஞ்சிப்பசை தோய்த்து அடித்து முறுக்கிக் குளிர்ந்த குளத்தில் இட்ட துணி வருகிறது. முறுக்கு அவிழாத அத்துணியைப் போல் இருக்கிறதாம் பகன்றையின் மலரும் அரும்பு. கருத்தூன்றிப் பார்த்தவரன்றிப் பிறர்க்கு இவ்வுவமை தோன்றாது.

பூந்தமல்லி வழியே மேற்கே செல்லும் நெடுஞ்சாலை நம்மைக் காஞ்சிபுரத்தின் பக்கம் கொண்டு செல்கிறது. அக்காஞ்சியில் வாழ்ந்தவர் திருக்குறிப்புத் தொண்ட நாயனார். அடியார்களின் துணியை வெளுத்துத் தருவதே அவர் மேற்கொண்ட தொண்டு. குளிர்காலத்தில் ஒருநாள் முதிய அடியார் ஒருவர் அழுக்கேறிய கந்தையுடன் வந்தார். மாலைக்குள் வெளுத்து உலர்த்தித் தருவதாகச் சொல்லி நாயனார் அதனை வாங்கினார். துவைத்து முடித்த வேளையில் மழை பிடித்துக்கொண்டது, மாலையாகியும் நிற்கவில்லை. குளிரில் நடுங்கும் முதியவர்க்குச் சொன்ன சொல் பொய்த்ததே என்று அவர் துவைகல்லில் தம் தலையை மோதப் புகுந்தபோது, இறைவன் கை எழுந்து தடுத்தது என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. உலராத துணி ஒன்றுக்காக உயிரையே விடத் துணிந்த ஒருவரை நாயன்மார் வரிசையில் வைத்து வணங்கினோம். அத்தொழிலையே செய்த அவர் இனத்தாரைத் திண்ணையில் ஏறவும் விடாமல் வாயிலுக்கு வெளியே நிறுத்தினோம். இவ்விரண்டையும் ஒருங்கே செய்த நம் முன்னோரின் நெஞ்சம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்பொழுது ஊர்த்துறைகள் பெரும்பாலும் இல்லை. துணி துவைத்தல் வீட்டினுள் வந்துவிட்டது. வெளியே நிறுத்தப்பட்ட இழிவும் உடன் வந்துவிட்டதோ என்று ஐயுறுகிறேன். இவ்வேலை வீட்டில் ஒருவர் தலைமேல் விழுகிறது. அவர் பெரும்பாலும் தாய், அல்லது மருமகள், அல்லது நாள்தோறும் வந்து செல்லும் பணிப்பெண். மற்றவர் எல்லாரும் உடுப்பவர். அவர் ஒருவரே துவைப்பவர். இப்பகுப்பு முறையன்று என்பதே என் கருத்து.

இதனை யானும் எளிதில் உணர்ந்தவன் அல்லேன். நாள்தோறும் வெள்ளை வேட்டி உடுத்திப் பள்ளி சென்று, ஔவையின் அப்பாட்டைப் பலமுறை நடத்தியவன் யான். களர்நிலத்துக் கிணற்றை மாணவர்க்கு விளக்கினேன்; என் வீட்டுக் கிணற்றடியை நோக்கினேன் அல்லேன். ஓய்வு பெற்றபின் ஓராண்டு என் மனைவிக்குச் சிக்குன்குனியாக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் சில நாளில் தணிந்தது. மூட்டுவலி பல திங்கள் நீடித்தது. ஈரத்துணியைப் பிழிய அவள் மணிக்கட்டு இடங்கொடுக்கவில்லை. வேறு வழியின்றி யான் வாளியின்முன் அமர்ந்தேன்.

முதல்நாள் புதிய காசித்துண்டு ஒன்றையும் என் வேட்டிகள் நான்கையும் ஒரே வாளியில் ஊறவைத்தேன். அரைமணியில் நீர் குருதிபோல் ஆயிற்று. என் மனைவி வந்து பார்த்து, "நம் ஊருக்கு ஏன் இப்பெயர் வந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தீர்களே, செந்நீர் இதோ இருக்கிறது" என்றாள். அடுத்த சில வாரங்கள் இளஞ்சிவப்பு வேட்டியுடன் கடைத்தெருவுக்குச் சென்றேன். மற்றொரு நாள் சட்டையில் குழம்பு சிந்திய மஞ்சட்கறை மீது சவுக்காரம் தேய்த்தேன். அது மறைவதற்கு மாறாகச் சிவந்தது. அஞ்சினேன். "வெயிலில் போடுங்கள், போய்விடும்" என்றாள் அவள். அவ்வாறே போயிற்று. மஞ்சளில் உள்ள நிறப்பொருள் சவுக்காரத்தின் காரத்தால் சிவக்கும். கதிரவன் ஒளியால் சிதைந்து வெளிறும். இது வேதியியல். குருதிக்கறைக்கு வெந்நீர் ஆகாது, தண்ணீரே வேண்டும் என்பதும் வேதியியலே. சுண்ணாம்புச் சத்து மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் சவுக்காரம் நுரைக்காமல் வெண்திரையாகத் திரிவதன் காரணத்தையும் யான் பின்னர் நூலில் படித்து அறிந்தேன். என் மனைவி இவற்றைப் படித்தவள் அல்லள், அத்தனையும் அறிந்திருந்தாள். நாற்பதாண்டு ஒரு வீட்டில் வாழ்ந்தும், அவளிடம் இவ்வறிவு உண்டு என்பதை யான் அறியாதிருந்தேன்.

வேட்டி சிவந்ததற்காக யான் நாணியபோது நினைவுக்கு வந்தவர் காந்தியடிகள். தென்னாப்பிரிக்காவில் அவர் வழக்கறிஞராக இருந்தபோது வெளுப்புக் கூலி மிகுதியாயிற்று. துணியும் உரிய நாளில் வருவதில்லை. ஆகவே சலவைக் கலை பற்றிய நூல் ஒன்றை வாங்கிப் படித்துத் தாமே வெளுக்கத் தொடங்கினார். கஸ்தூரிபா அம்மையார்க்கும் கற்பித்தார். முதன்முதல் அவர் கஞ்சியிட்ட கழுத்துப்பட்டையில் கஞ்சி மிகுந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியின் சூடும் போதவில்லை. அதனை அணிந்து நீதிமன்றம் சென்றபோது கஞ்சி உதிர்ந்துகொண்டே இருந்தது. உடன் இருந்த வழக்கறிஞர்கள் சிரித்தனர். அவர் வருந்தவில்லை. 1912ஆம் ஆண்டு கோகலே அங்கு வந்திருந்தபோது நடந்தது இன்னும் சுவையானது. ரானடே அன்பளிப்பாகத் தந்த மேலாடை ஒன்றைக் கோகலே பெரிதும் போற்றி வைத்திருந்தார். ஜொகானஸ்பர்க் நகரில் நடந்த விருந்துக்கு அதனை அணிய விரும்பினார், அதுவோ கசங்கியிருந்தது. காந்தியடிகள் தாம் மடிப்பிட்டுத் தருவதாகச் சொன்னார். அவருடைய வழக்கறிஞர் திறத்தை நம்பலாம், வெளுப்பவர் திறத்தை எப்படி நம்புவது என்று கோகலே தயங்கினார். இறுதியில் இசைந்தார், வேலை செவ்வனே முடிந்தது, கோகலேயின் பாராட்டும் கிடைத்தது. இச்செய்திகளைத் தம் வாழ்க்கை வரலாற்றில் காந்தியடிகளே எழுதியிருக்கிறார். வழக்கில் வென்றதைச் சொல்லும் பெருமிதத்திற்கு இப்பாராட்டைச் சொல்லும் பெருமிதம் குறைந்ததன்று.

"இப்பொழுது எந்திரம் வந்துவிட்டதே, இனி இக்கவலை எதற்கு?" என்று சிலர் வினவுவர். எந்திரம் துவைக்கிறது, உண்மை. அதனை யான் வெறுப்பவன் அல்லேன். மணிக்கட்டு வலியை அது நீக்குமாயின் வாழ்த்தவே செய்வேன். ஆனால் கட்டிலின் கீழ்க் கிடக்கும் காலுறையை அது தேடி எடுப்பதில்லை. சட்டைப் பையைத் துழாவுவதில்லை. சாயம் போகும் துணியைப் பிரித்து வைப்பதில்லை. மாடிக்கு ஏறிச் சென்று உலர்த்துவதில்லை. மழை வரும்போது ஓடி எடுப்பதில்லை. மடித்து அவரவர் அலமாரியில் வைப்பதும் இல்லை. எந்திரத்துக்கு முன்னும் பின்னும் உள்ள வேலையெல்லாம் முன்னே செய்தவரே இன்றும் செய்கிறார். "எந்திரந்தானே செய்கிறது" என்று சொல்லிவிடுவதால், அவர்க்குக் கிடைத்துவந்த சிறு இரக்கமும் இப்பொழுது கிடைப்பதில்லை. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டன. எமக்கு அணித்தே உள்ள செம்பரம்பாக்கம் ஏரியின் தரை வெடித்துக் கிடந்தது. அப்பொழுது பல வீடுகளில் எந்திரம் ஒரு மூலையில் ஓய்ந்திருந்தது. லாரி நீர் நிரப்பிய வாளிகளின்முன் மீண்டும் அமர்ந்தவர் யார் என்பதை யான் சொல்ல வேண்டுவதில்லை.

மாணவர்களே, உங்களுள் ஆண்மக்கள் சிலர், இது தமக்குரிய வேலை அன்று என்று கருதக்கூடும். தன் உடலில் பட்ட அழுக்கைத் தான் நீக்குதல் எவர்க்கும் உரிய வேலையே. வீட்டார் துணி முழுவதையும் துவைக்க வேண்டும் என்று உங்களை யான் கேட்கவில்லை. படிப்புக்கு இடையே அதற்குப் பொழுது இராது. உங்கள் சீருடை ஒன்று. உங்கள் காலுறை ஓரிணை. ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் போதும்.

எங்கள் வீட்டில் இது சென்ற ஆண்டு தொடங்கிற்று. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் தன் வெள்ளைச் சட்டையைத் தானே துவைத்துக் கொடியில் இட்டான். கழுத்துப் பட்டையில் அழுக்கு ஒரு கோடாக எஞ்சியிருந்தது. கையில் சவுக்காரம் அலசப்படாமல் வெள்ளையாகப் படிந்திருந்தது. யான் துவைத்தவற்றை எல்லாம் யான் அப்பால் சென்றதும் மீண்டும் அலசியவள் என் மனைவி. அவள் அச்சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். வெயில் படுமாறு கையைச் சற்றே விரித்து, மீண்டும் கொடியிலேயே இட்டுவிட்டுக் கீழே இறங்கினாள்.