அமெரிக்கா மெயிலைத் தோண்டுவோம், ஒரகடம் கேமராவை யார் கேட்பது?

ஈ-டிஸ்கவரி என்ற வார்த்தை நம் லா காலேஜ் கேண்டீன் வரைக்கும் வந்துவிட்டது. தெரியாதவர்களுக்காக: வழக்கில் சம்பந்தப்பட்ட மெயில், சாட், கேமரா பதிவு எல்லாவற்றையும் தேடி எடுத்து, அழியாமல் பாதுகாத்து, எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டியதைப் பிரித்துக் கொடுக்கிற வேலை. கோர்ட் படி ஏறாமலே வக்கீல், ஏசி ரூம், டாலர் கிளையண்ட் என்று சீனியர்கள் ஆசை காட்டுகிறார்கள். தாராளமாகச் சம்பாதிக்கட்டும். என் எரிச்சல் வேறு. இது ஏதோ அமெரிக்காக்காரனுக்கு மட்டுமே தேவைப்படுகிற வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அதுதான்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஒரு ரவுண்டு போய் வாருங்கள். கேட்டில் விரல் வைக்கிற மெஷின், லைனுக்கு மேலே கேமரா, சூப்பர்வைசரின் வாட்ஸப் குரூப். ஒரு தொழிலாளியின் எட்டு மணி நேரமும் எங்கேயோ பதிவாகிக்கொண்டே இருக்கிறது. 'நீ இரண்டாவது ஷிப்டில் லைனை நிறுத்தினாய்' என்று அவருக்கு ஒரு மெமோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்விசாரணையில் ஒரு நிமிட கிளிப் போட்டுக் காட்டுகிறார்கள். அதற்கு முந்தின பத்து நிமிடத்தில் மெஷினில் கை மாட்டப் பார்த்ததா, யாராவது கத்தினார்களா? அதுவும் அதே சர்வரில்தான் இருக்கிறது. ஆனால் சர்வர் அவருடையது இல்லை. டிஸ்க் நிறைந்தால் பழைய பதிவின் மேலேயே புதுசு எழுதப்படும். வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்கு வருவதற்குள் அந்தப் பத்து நிமிடம் போயே போச்சு.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. 2015 வணிக நீதிமன்றச் சட்டம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 11-ம் ஆணையை மாற்றி எழுதியது. இரண்டு கம்பெனிகள் சண்டை போட்டால், தன் கையில் உள்ள ஆவணங்களைத் தனக்குப் பாதகமானவை உட்பட ஆரம்பத்திலேயே பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். மின்னணுப் பதிவுகளுக்கென்று தனி விதியே இருக்கிறது. கம்பெனியும் தொழிலாளியும் சண்டை போட்டால்? ஆவணத்தைக் கொண்டு வரச் சொல்லும் அதிகாரம் 1947 தொழில் தகராறு சட்டத்தில் இருந்தது, 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் யாராவது மனுப் போட்டுக் கேட்டால்தான். கேட்கிறவருக்கு எந்தக் கேமரா, எந்த சர்வர் என்று தெரிந்திருக்க வேண்டும்.

2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் காப்பாற்றும் என்று ஒரு நண்பன் சொன்னான். அந்தச் சட்டத்தின் 11-ம் பிரிவைப் படித்துவிட்டு வா என்றேன். 'என் தகவலைக் காட்டு' என்று கேட்கும் உரிமை, சம்மதம் கொடுத்தவருக்குத்தான். வேலை சம்பந்தமான சில காரியங்களுக்கு முதலாளி சம்மதமே கேட்க வேண்டாம் என்று 7-ம் பிரிவு சொல்கிறது. சம்மதமும் இல்லை, கேள்வியும் இல்லை. நல்ல கணக்கு!

அமெரிக்காவில் ஆப்பிள்-சாம்சங் வழக்கு நினைவிருக்கும். வழக்கு வரப்போகிறது என்று தெரிந்தும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெயில்களைத் தானாக அழிக்கும் அமைப்பை சாம்சங் நிறுத்தவில்லை என்று 2012 ஜூலையில் நீதிபதி பால் கிரூவல் கண்டித்தார். அழிந்தது சாம்சங்குக்குப் பாதகமானது என்று ஜூரி கருதலாம் என்றார். பிறகு நீதிபதி லூசி கோ, ஆப்பிளும் அதே தப்பைச் செய்தது என்று இருவரையும் ஒரே தட்டில் வைத்தது தனிக்கதை. இந்தக் கோட்பாடு நமக்கு இறக்குமதிச் சரக்கு இல்லை. கொண்டு வரக்கூடிய சாட்சியத்தை மறைத்தால் அது பாதகமானது என்று கருதலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 114-ம் பிரிவிலேயே இருந்தது, புதிய சட்டத்தில் 119. பயன்படுத்தத்தான் ஆள் வேண்டும்.

சான்றிதழ் பிரச்சினையும் இருக்கிறது. 65பி சான்றிதழ் கட்டாயம் என்று 2020-ல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதுவும் ஒரு வீடியோ வழக்குதான்: வேட்புமனு மூன்று மணிக்கு முன்னால் தாக்கலானதா, பின்னாலா என்ற சண்டை. அதிகாரிகள் சான்றிதழ் தர மறுத்தார்கள். கேட்டும் கிடைக்காதவரை அதற்காகத் தண்டிக்கக் கூடாது, கோர்ட் மூலம் வரவழைக்கலாம் என்றது தீர்ப்பு. ஆக, எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தின் 63-ம் பிரிவு நிபுணர் கையெழுத்து, ஹாஷ் எண் எல்லாம் கேட்கிறது. தொழிலாளர் நீதிமன்றத்துக்குச் சாட்சியச் சட்டம் அப்படியே கட்டாயமில்லை என்று மடக்க வருவீர்கள். சரி, வெட்டிய கிளிப்பை முழுப் பதிவு இல்லாமல் எப்படி உடைப்பீர்கள்?

'ஃபீஸ் யார் தருவா?' என்பது அடுத்த கேள்வி. சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 2024-ல் சங்கத்துக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அத்தனை நாள் சம்பளத்தை இழக்கத் துணிகிறவர்கள் ஒரு நல்ல வக்கீலுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட மாட்டார்களா?

முதல் வேலை ரொம்பச் சின்னது. மெமோ வந்த அன்றைக்கே பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: இந்தத் தேதி, இந்த ஷிப்ட், இந்த லைன் கேமரா, இந்த கேட் பதிவு, அழிக்காமல் வையுங்கள். அதை எழுத நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அடுத்த மூட் கோர்ட்டுக்கு இப்படி ஒரு வழக்கை வைக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். சிலபஸில் இல்லை என்று பதில் வரும், தெரியும் :-)