நளாயினியின் கூடையும் நெடுந்தீவின் படகும்

நோயுற்ற கணவனைக் கூடையில் இருத்தித் தலையிற் சுமந்து திரிந்த நளாயினியின் கதையை நம் பாட்டிமார் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். சூரியனையே உதிக்கவிடாது தடுத்த கற்பு அவளுடையது என்று கதையை முடிப்பார்கள். அந்தக் கூடையின் பாரம் எவ்வளவு, சுமந்தவளின் கழுத்து நொந்ததா என்று கதை சொன்னவரும் எண்ணிப் பார்த்ததில்லை. கதை கேட்ட நாமும் வினவியதில்லை. இன்று வினவ வேண்டியிருக்கிறது. ஏனெனில், நம்முடைய தீவகத்தில் அந்தக் கூடை இன்னும் இறக்கி வைக்கப்படவில்லை.

நெடுந்தீவிலோ நயினாதீவிலோ வாழும் கடற்றொழிலாளி ஒருவருக்குக் குடலிற் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கீமோதெரபி மருந்து ஏற்றும் இடம் தெல்லிப்பழை. இரண்டு அல்லது மூன்று கிழமைக்கு ஒரு தவணையாக அது மாதக்கணக்கில் நீளும். ஒவ்வொரு தவணைக்கும் அவருடைய மனைவி விடியுமுன் எழுந்து, பிள்ளைகளை அயல்வீட்டில் ஒப்படைத்து, கஞ்சிப் போத்தலும் வாந்திக்கொரு பையுமாக இறங்குதுறைக்கு வருகிறாள். நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைத் தாம்போதி வழியாக யாழ்ப்பாணத்துக்கு ஒரு பஸ். யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் இன்னொரு பஸ். ஊர்காவற்றுறைக்காரர் இவர்களிலும் பாக்கியசாலிகள். அவர்களுக்குத் தரைவழி உண்டு.

இத்தனை தூரம் வந்தபின், இரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, வெள்ளை அணுக்கள் போதவில்லை, அடுத்த கிழமை வாருங்கள் என்று வைத்தியர் சொல்ல நேரலாம். அவர்மேற் பிழையில்லை. அந்நிலையில் மருந்தேற்றுவது உயிருக்கே ஆபத்து. ஆனால் அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காக ஒரு குடும்பம் ஒரு நாட் கூலியையும் இரண்டு பேரின் பயணச் செலவையும் கடலிற் கொட்டிவிட்டுத் திரும்புகிறது. மருந்து ஏறிவிட்டாலோ, திரும்பும் வழி வேறு விதமான தண்டனை. குடற் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் ஒக்சாலிபிளாட்டின் என்னும் மருந்து ஏறிய சில நாட்களுக்குக் குளிர் பட்டால் விரல்களிலும் தொண்டையிலும் ஊசி குத்துவது போன்ற வேதனை எழும். வாடைக்காற்று வீசும் மார்கழியில், அலைநீர் தெறிக்கும் படகில், தன் சேலைத் தலைப்பால் அவர் கைகளைப் பொத்திப் பிடித்திருக்கும் பெண்ணைத்தான் நம் சமுதாயம் பதிவிரதை என்று புகழுகிறது.

புகழட்டும். ஆனால் அந்தப் புகழின் மறுபக்கத்தையும் பார்ப்போம். மருந்தேறிய மனிதர் வீட்டில் படுத்திருக்கிறார். பகலிலும் படுக்கை, இரவிலும் படுக்கை. அயலவர் வருகிறார்கள். "எந்த நேரமும் படுக்கைதானே பிள்ளை, நீ வாய்க்கு ருசியாய் ஏதும் சமைச்சுக் குடுக்கிறதில்லையோ?" என்று ஒருத்தி. "மருந்துதான் ஆளைக் கொல்லுது. விட்டுப்போட்டு முள்ளுச்சீத்தா இலையை அவிச்சுக் குடுத்துப் பார்" என்று இன்னொருவர். மனிதர் தேறினால் அது அவளுடைய தாலிப் பலம். தேறாவிட்டால் அது அவளுடைய கவனக்குறைவு அல்லது கிரகபலன். வென்றாலும் தோற்றாலும் வைத்தியத்துக்கும் அரசுக்கும் படகுச் சேவைக்கும் அதில் எந்தப் பங்கும் இல்லை! இதைவிட வசதியான தத்துவம் ஆட்சியாளருக்கு வேறென்ன வேண்டும்?

உண்மை வேறு. நாள் முழுவதும் வலை இழுத்தவனின் களைப்பு ஓர் இரவு உறங்கினால் தீரும். கீமோதெரபியின் அசதி உறங்கினாலும் தீராது. இரத்தச்சோகை, உணவு இறங்காமை, வலி, மனச்சோர்வு, மருந்தின் நேரடித் தாக்கம் எல்லாம் ஒன்றுகூடிப் பிறப்பிக்கும் சோர்வு அது. சிகிச்சை முடிந்து பல மாதங்களுக்குப் பின்னரும் சிலரை விடுவதில்லை. அதைச் சோம்பல் என்பது அறியாமை. அதற்கு மனைவியின் கைப்பக்குவத்தைக் குற்றஞ் சாட்டுவது அக்கிரமம். முழுநேரப் படுக்கையே மருந்தென்று எண்ணுவதும் தவறுதான். மாலை வெயில் தணிந்தபின் கல்வேலி ஓரமாகச் சிறிது தூரம், முடிந்த அளவுக்கு மட்டும், நடப்பது இந்த அசதியைக் குறைக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூன்று வேளைச் சோற்றுக்குப் பதில் சிறிது சிறிதாக ஆறு வேளை கொடுக்கலாம். வாய்ப்புண்ணுக்கு உப்பும் அப்பச்சோடாவும் கலந்த நீரால் கொப்பளிக்கலாம். மருந்து ஏறியபின் இரண்டு நாட்களுக்கு நோயாளியின் வாந்தியிலும் சிறுநீரிலும் அந்த நச்சு மருந்தின் எச்சம் இருக்கும். துடைப்பவர் கையுறை அணிய வேண்டும், அவள் கருவுற்றவளானால் தொடவே கூடாது. இவற்றை எந்தப் பதிவிரதா புராணமும் அவளுக்குச் சொல்லவில்லை. கையுறை ஒரு சோடி கொடுக்காதவர்கள் கற்புக்கரசிப் பட்டம் கொடுக்கிறார்கள்!

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று வைத்தியர் சொல்லி அனுப்புகிறார். உவர்நீர்க் கிணறுகள் மலிந்த தீவுகளில் அந்த நல்ல தண்ணீரைக் குடம் குடமாகச் சுமப்பவர் யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

எல்லாவற்றிலும் கொடியது இரவுக் காய்ச்சல். மருந்தேறிய ஏழாம் நாள் தொடக்கம் பதினான்காம் நாள் வரையிலான காலத்தில் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அப்போது உடல்வெப்பம் 38 பாகை செல்சியசைத் தொட்டால் அது சாதாரணக் காய்ச்சல் அன்று. உடனடியாக வைத்தியசாலைக்குப் போக வேண்டிய ஆபத்து. பனடோல் கொடுத்து விடியும்வரை பார்ப்போம் என்றிருந்தால் காய்ச்சல் மறையலாம், கிருமி மறையாது. இத்தகைய நோயாளி வைத்தியசாலையை அடைந்து ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஏற்றப்பட வேண்டும் என்பது இன்றைய வைத்திய உலகின் விதி. வாயிலை அடைந்தபின் ஒரு மணி நேரம்! அந்த வாயிலை அடைய நெடுந்தீவுக்காரருக்கு எத்தனை மணி நேரம்? இரவு பத்து மணிக்குப் படகுச் சேவை ஏது? நளாயினி சூரியனை உதிக்காமல் தடுத்தாளாம். நெடுந்தீவுப் பெண் வேண்டுவது அதற்கு நேர்மாறு. சூரியன் விரைவாய் உதிக்க வேண்டும், முதற் படகு புறப்பட வேண்டும் என்றே அவள் விடிய விடிய விழித்திருக்கிறாள்.

கடற்படையின் படகுகள் நெடுந்தீவு நோயாளரை இரவிலும் ஏற்றி வந்து உயிர் காத்த சந்தர்ப்பங்கள் பல உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆயினும், சீருடைக்காரரின் தயவை நாடிக் கெஞ்சிப் பெறுவது ஒன்று; குடிமகளின் உரிமையாகக் கேட்டுப் பெறுவது வேறொன்று. 1985 மே 15ஆம் நாள் இதே கடலில் குமுதினிப் படகில் தன் மக்களைக் கொலைக்குக் கொடுத்த தீவுக்கு இந்த வேறுபாட்டை நாம் விளக்கத் தேவையில்லை.

தெல்லிப்பழை வைத்தியசாலையின் வரலாறும் இங்கு நினைவுக்கு வருகிறது. வடக்கின் புற்றுநோயாளர் மஹரகமவையே நம்பியிருந்த காலம் ஒன்றிருந்தது. 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது, கப்பலுக்கும் விமானத்துக்கும் காத்திருக்க முடியாத நோயாளியின் கதி என்ன என்று கேட்பார் இருக்கவில்லை. 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாட்கள் நடந்து திரட்டிய நிதியினால்தான் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது, 2013இல் திறக்கப்பட்டது. போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில் சிங்கள மக்களும் அந்த நடையில் கால் பதித்தார்கள் என்பது நம் நெஞ்சை நெகிழச் செய்கிறது. அதே வேளையில், ஓர் அரசு செய்ய வேண்டியதை மக்கள் நடந்து செய்ய நேர்ந்ததே என்ற வெட்கமும் பிடுங்கித் தின்கிறது. மருந்து இலவசம். மெத்தச் சரி, அது இந்நாட்டு மக்கள் பெற்ற பெரும் பேறு. ஆனால் இலவசம் வைத்தியசாலைப் படலையோடு நின்றுவிடுகிறது. படகும் பஸ்ஸும், தங்கும் இடமும், இழந்த கூலியும் படலைக்கு வெளியே நிற்கின்றன. 2022இல் எரிபொருளும் மருந்தும் ஒருசேரத் தட்டுப்பட்டபோது படலைக்கு உள்ளேயும் வெளியேயும் கைவிரித்தார்கள்.

நம்மவர் மட்டும் குறைந்தவர்களா? சுவிசிலும் பிரான்சிலும் கனடாவிலும் குளிரில் உழைத்த காசு தீவகத்தின் கோவில்களில் கோபுரங்களாய் உயர்ந்து நிற்கிறது. அவர்களுடைய ஊர்ப்பற்றை நாம் பழிக்கவில்லை. பள்ளிக்கூடங்களுக்கும் அவர்கள் அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். தெல்லிப்பழையில் தீவக நோயாளரும் துணைக்கு வருபவரும் மருந்தேறிய அன்றிரவு தங்குவதற்கு நான்கு அறைகள் கட்ட ஒரு கோபுரத்தின் எத்தனையாவது தளம் போதும் என்று மட்டும் கேட்கிறோம்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறோம். நோயாளி மனைவியாகவும் பணிவிடை செய்பவர் கணவராகவும் இருந்தால் இந்தப் புராணம் என்னவாகும்? அவர் கஞ்சி காய்ச்சினால் ஊரே வியக்கிறது. காய்ச்சாவிட்டால் "ஆம்பிளை என்ன செய்வான்" என்று மன்னித்து, அவளுடைய தாயையோ தமக்கையையோ அழைத்து வருகிறது. நளாயினிக்கு ஆண்பால் நம் மொழியில் இல்லை.

1934-35இல் மலேரியா இந்நாட்டைச் சூறையாடியபோது சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் பருப்பும் சுமந்து கிராமங்களுக்குள் நுழைந்தார்கள். இந்நாட்டு இடதுசாரி இயக்கம் மேடையில் மட்டும் பிறந்ததன்று. நோயாளியின் பாயருகிலும் பிறந்தது. அந்த மரபில் வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் ஆசிரியரும் மாணவரும் செய்வதற்கு இங்கே வேலை கிடக்கிறது. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் இருபத்துநான்கு மணி நேரமும் கடமையில் இருக்கும் நோயாளர் படகு வேண்டும். தவணைக்கு முதல்நாளே தீவு வைத்தியசாலையில் இரத்தம் சோதிக்கப்பட்டு, முடிவு தெல்லிப்பழைக்குத் தொலைபேசியில் அறிவிக்கப்பட வேண்டும். நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் பயணச்சீட்டு இலவசமாக வேண்டும். இவற்றைப் பிரதேச சபையிலும் பாராளுமன்றத்திலும் விடாது கேட்க வேண்டும்.

கேட்டுக்கொண்டிருக்கும் வரை நோய் காத்திராது. ஆதலால் இந்தக் கிழமையே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறோம். ஒரு வெப்பமானி, இரண்டு சோடி கையுறை, இருபத்தொரு நாட்களுக்குக் கோடிட்ட ஒரு தாள். அந்தத் தாளில் காலையும் மாலையும் உடல்வெப்பம் எழுத இடமிருக்கட்டும். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை சிவப்பு மையால் அடிக்கோடு. 38 என்ற எண்ணுக்கு எதிரே தீவு வைத்தியசாலையின் தொலைபேசி எண். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அதை அரைமணி நேரத்தில் வரைந்துவிடுவான்.