ரௌட்டரும் தேசப் பாதுகாப்பும்

தேசத்தின் எல்லை மலையிலும் கடலிலும் மட்டுமே இருப்பதாக எண்ணிய காலம் போய்விட்டது. இன்று அவ்வெல்லையின் ஒரு துண்டு ஒவ்வொரு குடும்பத்தின் கூடத்திலும், தூசி படிந்து, சிறு விளக்கு எரிந்துகொண்டிருக்கும் ஒரு பெட்டியாக இருக்கிறது. வீட்டை இணையத்தோடு சேர்க்கும் ரௌட்டரையே நாம் குறிப்பிடுகிறோம். அப்பெட்டி வேலை செய்கிறதா என்று ஜனங்கள் பார்க்கிறார்கள். யாருக்காக வேலை செய்கிறது என்று கேட்பவர் மிகச் சிலரே.

ரௌட்டர் உருவத்தில் சிறியதாயினும் ஒரு முழுக் கம்ப்யூட்டரேயாகும். அதனை இயக்கும் மென்பொருளில், விற்ற நாளில் எவரும் அறியாத குறைகள் பின்னர் வெளிப்படுவது இயல்பு. வெளிப்பட்டதும் உற்பத்தி செய்த கம்பெனி திருத்தம் அனுப்புகிறது. ஆனால் சில வருஷங்கள் சென்றபின், இம்மாதிரிக்கு இனித் திருத்தம் இல்லையென்று கம்பெனி கை கழுவிவிடுகிறது. பெட்டியோ நின்றுவிடுவதில்லை, வாங்கியவருக்கு அச்செய்தி பெரும்பாலும் எட்டுவதுமில்லை. அதன்பின் வெளிப்படும் ஒவ்வொரு குறையும் மூடாத கதவாகவே நின்றுவிடுகிறது.

'கோடிக்கணக்கான வீடுகளிருக்க, என் வீட்டை யார் தேடி வரப்போகிறார்கள்?' என்று கேட்போர் உண்டு. இணையத்தின் பழைய முறையிலுள்ள சுமார் 430 கோடி முகவரிகளையும் ஒரே கம்ப்யூட்டரைக்கொண்டு 45 நிமிஷத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாமென்பதை மிச்சிகன் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் 2013-ம் வருஷத்திலேயே செய்து காட்டினர். இக்காலத்துத் திருடன் வீட்டைத் தேர்ந்தெடுப்பதில்லை. எல்லாக் கதவுகளையும் தள்ளிப் பார்க்கிறான், திறந்ததில் நுழைகிறான்.

இதன் பலனை உலகம் கண்டுவிட்டது. 2016-ம் வருஷம் 'மிராய்' என்ற நாசகார மென்பொருள், கம்பெனிகள் தாமே வைத்தனுப்பிய சுமார் 60 பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு, காமிராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் வசப்படுத்திற்று. அந்தச் சேனையைக்கொண்டு அவ்வருஷம் அக்டோபர் 21-ந் தேதி நடத்திய தாக்குதலில் அமெரிக்காவின் பெரிய இணையதளங்கள் பல ஜனங்களுக்கு எட்டாமற் போயின. அடுத்த மாதமே, அதன் வழிவந்த வேறொரு தாக்குதலால் ஜெர்மனியில் சுமார் 9 லட்சம் வீடுகள் இணைப்பை இழந்தன. நமது தேசமும் தப்பவில்லை. 2017-ம் வருஷம் ஜூலை மாதத்தில், கடவுச்சொல் மாற்றப்படாத பி.எஸ்.என்.எல். மோடம்கள் ஆயிரக்கணக்கில் இவ்விதத் தாக்குதலால் செயலிழந்தன. கடவுச்சொல்லை மாற்றுமாறு அந்நிறுவனம் வாடிக்கைக்காரர்களை வேண்டிக்கொள்ள நேர்ந்தது.

இணைப்பு அறுந்துபோவதாவது உடனே தெரிந்துவிடும். ஓசையின்றி நடப்பதே பெரிய ஆபத்து. தண்ணீர், மின்சாரம், போக்குவரத்து முதலிய அமெரிக்க ஸ்தாபனங்களுக்குள் புகுவதற்குச் சீன அரசின் ஆதரவு பெற்ற கூட்டத்தார், அமெரிக்கக் குடிகளின் வீடுகளிலும் சிறு காரியாலயங்களிலுமிருந்த நூற்றுக்கணக்கான பழைய ரௌட்டர்களை மறைவிடமாக உபயோகித்தனர் என்று அமெரிக்க நீதி இலாகா 2024-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி அறிவித்தது. சீனா இதனை மறுத்துள்ளது. அப்பெட்டிகளில் பெரும்பாலானவை கம்பெனிகளால் கைவிடப்பட்டவை. கோர்ட்டு உத்தரவு பெற்று அந்த நாசகார மென்பொருளை அதிகாரிகள் அகற்றினர்; எனினும் பெட்டியின் குறையைத் திருத்துவாரில்லாமையால், அது மீண்டும் பீடிக்கப்படும் நிலையிலேயே இருந்தது.

இதைவிட வெட்கக்கேடான வியாபாரமும் நடந்திருக்கிறது. பழைய ரௌட்டர்களைக் கைப்பற்றி, அவற்றின் வழியே இணையத்தில் உலாவும் வசதியை மாதம் சுமார் 10 டாலர் முதல் 110 டாலர் வரை வாடகைக்கு விட்டுவந்த இரு தளங்களை அமெரிக்க அதிகாரிகள் 2025-ம் வருஷம் மே மாதத்தில் முடக்கினர். வாடகைக்கு எடுத்தவன் எக்குற்றம் செய்தாலும், அது பெட்டிக்குரியவரின் முகவரியிலிருந்து செய்யப்பட்டதாகவே தோன்றும். ஒரு பாவமுமறியாத குடும்பஸ்தர் வீட்டுக் கதவைப் போலீசார் தட்டினால், அவர் என்ன விடை சொல்வார்? தம் வீட்டில் அந்நியன் குடியிருந்த சங்கதியே அவருக்குத் தெரியாதே!

இப்பிழைக்கு யாரைக் குறை கூறுவது? ஜனங்களின் அறியாமையென்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் மருந்துப் புட்டியில் காலாவதித் தேதி அச்சிட வேண்டுமென்று விதித்திருக்கிறோம்; மருந்தின் குணத்தை நோயாளியே சோதித்தறியட்டுமென்று விட்டுவிடவில்லை. ரௌட்டருக்கும் காலாவதி உண்டு. அத்தேதி பெட்டியின்மீது இருக்க வேண்டுமென்பதே நமது கோரிக்கை.

இது நூதனமான யோசனையுமன்று. பிரிட்டனில் 2024-ம் வருஷம் ஏப்ரல் 29-ந் தேதி முதல் அமலிலுள்ள சட்டம், எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான கடவுச்சொல் வைப்பதைத் தடுக்கிறது. திருத்தங்கள் எதுவரை கிடைக்குமென்பதைப் பகிரங்கப்படுத்துமாறும் கட்டளையிடுகிறது. ஐரோப்பிய யூனியனின் சட்டம், பொதுவாக 5 வருஷத்துக்குக் குறையாமல் திருத்தம் வழங்க வேண்டுமென்று விதிக்கிறது. அதன் முக்கிய விதிகள் 2027-ம் வருஷம் டிசம்பர் 11-ந் தேதி முதல் அமலாகும். தொலைத்தொடர்புச் சாதனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் முறை நமது நாட்டிலும் உண்டு. விற்குமுன் சோதிப்பது நல்லதே. விற்றபின் வெளிப்படும் குறைக்குப் பொறுப்பாளி யார் என்பதே கேள்வி.

எக்காலத்துக்கும் திருத்தம் அனுப்பிக்கொண்டிருக்க இயலாதென்று கம்பெனிகள் சொல்லக்கூடும். எக்காலத்துக்கும் எவரும் கேட்கவில்லை. காலத்தை முன்கூட்டிச் சொல்லுங்கள், சொன்ன காலம்வரை காப்பாற்றுங்கள் என்றே கேட்கிறோம். இச்செலவால் விலை ஏறுமென்பர். சிறிது ஏறலாம்; ஆனால் மலிவென்று வாங்கிய பெட்டி இரண்டு வருஷத்தில் காவலற்றுப் போனால் அது மலிவாகுமா? இணைப்புடன் கூடவே பெட்டியையும் தரும் கம்பெனிகளுக்குப் பொறுப்பு இன்னும் அதிகம். அவர்களே தந்த பெட்டி காலாவதியானால், அவர்களே தம் செலவில் மாற்றித்தர வேண்டும். மாதந்தோறும் கட்டணம் வாங்குவோர், கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது வாடிக்கைக்காரர் வேலையென்று சொல்வது நியாயமாகாது.

சட்டம் வரும்வரை நமது ஜனங்கள் வாளாவிருத்தலும் தகாது. பெட்டியின் அடியிலுள்ள சீட்டில் மாதிரி எண்ணைப் பார்த்து, அதற்கு இன்னும் திருத்தம் வருகிறதா என்று கம்பெனியாரையோ இணைப்புத் தந்தவரையோ கேட்டறிக. வைஃபை கடவுச்சொல் வேறு, பெட்டியின் நிர்வாகக் கடவுச்சொல் வேறு. முன்னதை மாற்றிப் பின்னதை அப்படியே விட்டவர் பலர். இரண்டையும் மாற்றுக. வெளியிலிருந்து பெட்டியை நிர்வகிக்கும் வசதி திறந்திருந்தால் மூடிவிடுக. நிறுத்தி மறுபடி இயக்கினால் சிலவகை நாசகார மென்பொருள்கள் அழியும். ஆயினும் குறை நீங்காவிடில் சில நிமிஷங்களிலேயே திரும்பி வரக்கூடும். திருத்தம் நின்றுபோன பெட்டியை மாற்றுவதே முடிவான பரிகாரம்.

ஆனால் தனி மனிதரின் ஜாக்கிரதையால் மட்டும் ஒரு தேசத்தின் கதவுகள் அடைபட்டுவிடா. முதியோரும் ஏழைகளும் இயந்திர நுட்பமறியாதோரும் இந்நாட்டின் பிரஜைகளே. அவர்கள் வீட்டு வாயிலைக் காப்பதும் சர்க்காரின் கடமையே. நம் வீட்டுப் பெட்டி பிறனுக்கு ஊழியம் செய்யும்வரை, நம் வீட்டில் நமக்கே சுயராஜ்யமில்லை. காலாவதித் தேதியைப் பெட்டியின்மீது அச்சிடச் செய்யும் கட்டளையை மத்திய சர்க்கார் தாமதமின்றிப் பிறப்பிக்க வேண்டும்.