ஊருக்கொரு பொம்மை

விடுமுறைப் பயணத்தில் ஆளுக்கொன்றாக வாங்கும் பொருள்கள் விரைவில் மூலைக்கொன்றாகச் சிதறிவிடுகின்றன. குடும்பத்தார் அனைவரும் கலந்துபேசி, ஊருக்கு ஒன்றெனத் தேர்ந்து சேர்க்கும் பொதுத்தொகுப்பே நிலைத்து நிற்கும். ஒன்றைத் தேர்வதற்காகப் பிறர் விருப்பத்திற்கு இடங்கொடுக்கும் பண்பும் அதனால் வளரும்.

இத்தகைய தொகுப்புக்குப் பொம்மைகள் ஏற்றவை. தஞ்சாவூரின் இராசா இராணி பொம்மைகள், அடிப்புறம் வளைந்து கனத்திருப்பதால், சாய்த்தாலும் நிமிர்ந்துகொள்ளும். கர்நாடக மாநிலத்துச் சென்னபட்டணப் பொம்மைகள் வெட்பாலை மரத்தில் கடைந்து, அரக்கு வண்ணம் ஏற்றப்படுபவை. ஆந்திரத்தின் கொண்டபள்ளிப் பொம்மைகள் எடை குறைந்த மரத்தில் செதுக்கப்படுபவை. இவற்றை அருகருகே வைத்தால், மண்ணும் மரமும் கைத்தொழிலும் ஊர்தோறும் வேறுபடுவதைப் பிள்ளைகள் கண்ணாலேயே கற்பர். வாங்கிய நாள், இடம், விலை, செய்முறை ஆகியவற்றை ஒரே ஏட்டில் முறைவைத்து எழுதிவருதல் வேண்டும். குறிப்பில்லாத தொகுப்பு நாளடைவில் வெறும் அலமாரிப் பொருளாகிவிடும்.

எனினும், கண்டவை யாவும் எடுத்துவரத் தக்கவை அல்ல. கரையில் ஒதுங்கிய பவளத்துண்டு அழகாயிருப்பினும் அதனைத் தொடாது விடுதலே முறை. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972 பவளங்களைப் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களுள் சேர்த்துள்ளது. பழங்கோயிலின் உடைந்த கல்லும் அவ்விடத்திற்கே உரியது. கைவினைஞருக்கு உரிய விலை கொடுத்துப் பெற்ற ஒரு பொம்மை, அள்ளிவந்த நூறு பொருள்களினும் மேலானது.