குதிரைத்திறனை மட்டும் பார்த்து மோட்டார் வாங்கலாமா?

மாவு ஆட்டுவதும் மோட்டார், சட்னி அரைப்பதும் மோட்டார், தண்ணீர் ஏற்றுவதும் மோட்டார் என்றாகிவிட்டது நம் வீடு. ஆயினும் கடைக்குப் போனால் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை ஹெச்.பி.?" இந்த ஒரு கேள்வி போதாது என்பதே என் கருத்து.

என் சித்தி சுண்ணாம்புக்குளத்தில் கருவாட்டுப் பொடியும் இறால் பொடியும் அரைத்து விற்கிறார். முதலில் 500 வாட் மிக்சி வாங்கினார். ஒரே பருவத்தில் காயில் எரிந்தது. "இன்னும் பெரிதாக வாங்குங்கள் அம்மா" என்று கடைக்காரர் 750 வாட் மிக்சியைக் கொடுத்தார். அதுவும் எரிந்தது. கடைசியில் ஒரு குதிரைத்திறன் இண்டக்ஷன் மோட்டார் பூட்டிய சிறு அரவை இயந்திரம் வந்தது, பிரச்சினை தீர்ந்தது. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். அப்படியானால் எரிந்து போனதும் இன்று ஓடுவதும் ஏறத்தாழ ஒரே அளவுதானே! வேறுபாடு எங்கே?

மிக்சியில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த மோட்டார். நிமிடத்திற்குப் பதினெட்டாயிரம் சுற்றுக்கு மேலும் பறக்கும். சில நிமிடம் ஓடி ஓய்வெடுக்கவே செய்யப்பட்டது. இண்டக்ஷன் மோட்டாரோ பெரும்பாலும் 1440 சுற்றில் நிதானமாக, மணிக்கணக்கில் உழைக்கும். எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்பது தகட்டிலோ உடன் வரும் குறிப்பிலோ எழுதியிருக்கும். அதை யார் படிக்கிறோம்?

இனி எங்கள் ஏரியோரத்து இறால் பண்ணைக்கு வாருங்கள். இரவெல்லாம் ஏரேட்டரின் துடுப்புகள் சளசளவென்று தண்ணீரை அடித்துக்கொண்டிருக்கும். விடியற்காலையில்தான் குட்டையில் பிராணவாயு மிகக் குறைவு. அந்நேரத்தில் மோட்டார் நின்றால் மூன்று நான்கு மாத உழைப்பு செத்து மிதக்கும்.

அங்கும் மோட்டார் 1440 சுற்றுதான். துடுப்போ சுமார் நூறு சுற்றே சுற்றுகிறது. இடையில் இருப்பது பற்சக்கரப் பெட்டி. ஒரு குதிரைத்திறன் மோட்டாரின் அச்சில் ஒரு மீட்டர் கழியை மாட்டினால், அதன் நுனியில் அரைக்கிலோ எடையைத் தள்ளும் பலந்தான் அதற்கு உண்டு. வேகத்தைப் பதினான்கில் ஒரு பங்காக்கினால் அதே மோட்டார் ஏழு கிலோவைத் தள்ளும். உராய்வில் சிறிது போகும், அவ்வளவே. திறன் கூடவில்லை, வேகத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்கினோம். 1955இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டர் இன்று வீட்டுக்கு வீடு இருக்கிறதே, அதிலும் மோட்டாரைவிடக் கல் மெதுவாகத்தான் சுற்றுகிறது. மிக்சி வேகத்தில் சுற்றினால் மாவு சூடேறிவிடும்.

ஆகவே எவ்வளவு வேகம் வேண்டும், எவ்வளவு இழுக்க வேண்டும், எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்பதை முதலில் கேளுங்கள். குதிரைத்திறன் பிறகு தானே வரும். எங்களைப் போன்ற கடலோரத்தார் இன்னும் இரண்டைக் கேட்க வேண்டும். ஒன்று, மின்னழுத்தம். 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தால் இண்டக்ஷன் மோட்டாரின் இழுவை கால் பங்கு குறையும் என்று நினைப்போம். இல்லை, ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். மோட்டார் கிளம்பாமல் உறுமியே எரியும். மற்றொன்று, உப்புக் காற்று. தகட்டில் ஐ.பி. 55 என்றிருந்தால் தூசியும் தண்ணீர்ச் சாரலும் எளிதில் புகாது.

"பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அவர்களைப் பணிவோடு ஒன்று கேட்கிறேன்: வீட்டிலுள்ள மோட்டார்களை நாள்தோறும் ஓட்டுவது யார்? எரிந்தால் அம்மிக்குத் திரும்புவது யார்? தகடு படிப்பதை இயற்பியல் வகுப்பிலேயே ஒரு நாள் கற்றுத் தரலாம். பழைய மிக்சி ஒன்று போதும்.

சித்தி தம் மோட்டாரின் தகட்டிலுள்ள எல்லாவற்றையும் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். தகட்டில் இப்போதே பாதி எழுத்தை உப்பு தின்றுவிட்டது.